காதுக்குள் ஒரு சில்வண்டு

கிழக்கேகோட்டையில் குடியிருப்பவன் ஒருவன் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பொழுது புலர்வதற்கு முன்பே சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் ஓசை தொடங்கிவிடும். பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைக்கும் ஒலி ஓயாது. பஸ்களின் உறுமலும், ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கும் நடத்துநர்களின் குரலும், லாட்டரிச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கியும் சேர்ந்து இரவு வரையில் நம்மைத் தாலாட்டும். இத்தனைக்கும் நடுவே பதினோராண்டுகளாகக் குடும்பம் நடத்திவரும் எனக்கு இவை ஒருபொழுதும் இடையூறாகத் தோன்றியதில்லை. இடையூறாக வந்தது, இவை யாவும் அடங்கிய பின்னர்க் கேட்கத் தொடங்கிய ஒரு சத்தம். அதை என்னையன்றி வேறொருவரும் கேட்க இயலாது.

அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 24, திங்கட்கிழமை, தீபாவளி. நம்மவர் வீடுகளில் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இருள் பிரிவதற்குள் முதல் வெடியைப் போடுவதே வழக்கம். இங்கே கேரளத்தில் வெடிக்கு அனுமதித்த நேரம் இரவு 8 மணி முதல் 10 மணி வரை. 2018-இல் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபொழுது, தமிழ்நாடு மட்டும் வேண்டிக்கொண்டு காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியுமாகப் பிரித்துக்கொண்டது. அந்தச் சலுகை இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. ஆகவே பகலெல்லாம் பொறுமையாகக் காத்திருந்த என் மகள், எட்டு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவளுக்கு அப்பொழுது எட்டு வயது.

பைக்குள் சிவகாசிச் சரக்கு. அதில் பச்சை நூல் சுற்றிய ‘ஆட்டம் பாம்’ ஐந்து. நான்கு முறையாக வெடித்தன. ஐந்தாவதன் திரி கருகிப் புகைந்து அடங்கிவிட்டது. நமுத்த வெடி என்று எண்ணினேன். அதைத் தெருவில் கிடக்கவிட்டால் யாரேனும் மிதித்துவிடுவார்களே என்ற நல்லெண்ணத்தில், ஊதுவத்தியைக் கையில் பிடித்தபடியே அருகில் சென்று குனிந்தேன். நமுத்த வெடியின் அருகில் செல்லலாகாது என்பது சிவகாசிக்காரன் பெட்டியின்மீதே அச்சிட்டிருக்கும் செய்தி. பிறருக்குக் கட்டணப் பட்டியலைப் படித்துக் காட்டிப் பிழைக்கிறவன், தன் கையிலிருக்கும் பெட்டியைப் படிக்கவில்லை.

வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அதுதான் விந்தை. ஒரு வெளிச்சமும், வலக்கன்னத்தில் ஓர் அறையும் மட்டுமே தெரிந்தன. அதன் பின் உலகம் முழுவதையும் யாரோ ஒரு போர்வையால் மூடிவிட்டது போலிருந்தது. தெருவில் சரவெடி வெடிப்பதைக் கண்ணால் கண்டேன். அதன் ஒலி நெடுந்தொலைவிலிருந்து வந்தது. அந்தப் போர்வைக்குள்ளிருந்து, வலச்செவியில், மழைக்கால இரவுச் சில்வண்டு போல ஒரு கூவல் எழுந்தது. இடைவெளி இல்லை, ஏற்றமில்லை, இறக்கமில்லை. இரவு உறங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்தேன். காலையில் போர்வை சற்றே விலகியிருந்தது. சில்வண்டு அங்கேயே இருந்தது.

நாகர்கோவிலிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த என் அத்தை, அதாவது மனைவியின் தாயார், நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினார். “சூடு பொறுக்கிற அளவுக்கு ரெண்டு சொட்டு விட்டா எல்லாம் கேக்கும், மாப்பிள்ளை” என்றார். விட்டுக்கொண்டேன். மறுநாளும் விட்டுக்கொண்டேன். பெரியவர் அன்போடு செய்ததை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அது தவறென்று பின்னரே அறிந்தேன். நம் வீடுகள் பலவற்றில் இவ்வழக்கம் இருப்பதால் இங்கேயே அதைச் சொல்லிவிடுகிறேன். பேரொலியால் செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும். சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கூடிவிடும். ஆனால் அதன் வழியாக எண்ணெயோ, வெங்காயச் சாறோ, குளிக்கும் நீரோ உள்ளே புகுந்தால் சீழ் பிடித்து, ஆற வேண்டிய புண் ஆறாமற் போகும். பறை முழுதாய் இருக்கிறதா இல்லையா என்பதை, விளக்குப் பொருத்திய குழலால் உள்ளே பார்க்கும் மருத்துவர் ஒருவரால்தான் கூற இயலும். என் பறை, தெய்வாதீனமாக, முழுதாய் இருந்தது.

அதை அறிய நான் சென்றது ஆறாம் நாள். இடையில் உத்தியோகம், விருந்தினர், ‘நாளை போகலாம்’ என்னும் நம் குலவழக்கம். பரிசோதித்த டாக்டர், “முதல் நாளோ இரண்டாம் நாளோ வந்திருக்கலாமே” என்று மெல்லிய குரலில் சொன்னார். திடீர்ச் சத்தத்தாலோ, காரணமே தெரியாமலோ செவி மந்தமாகிவிட்டால், வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்ப்பதுண்டு. அதனால் எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்பதற்கில்லை. எனினும் இரண்டு வாரம் கடந்தபின் கொடுப்பதைவிட மூன்று நாளுக்குள் கொடுப்பது மேல் என்பதே மருத்துவர் கருத்து. எனக்கும் கொடுத்தார். கேட்கும் திறன் ஓரளவு மீண்டது. கூவல் மீளவில்லை, அதாவது, என்னை விட்டு மீளவில்லை.

செவிக்குள் நடந்தது என்ன என்பதை அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கே விளங்கியதால் யாவருக்கும் விளங்கும். பறைக்கு அப்பால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் வடிவங்களில் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றுக்கும் அப்பால் நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழல். அதை நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் இருக்கும் நீரில், தலையில் மெல்லிய மயிரிழைகளை உடைய உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஒலி வந்தால் நீர் அலைகிறது. நீர் அலைந்தால் இழைகள் வளைகின்றன. அந்த வளைவே மின்குறிப்பாகி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. காற்றில் ஆடும் நெற்பயிரை நினைத்துக்கொள்ளலாம். இதமான காற்றில் ஆடி நிமிரும். சூறையில் சாய்ந்து ஒடிந்துவிடும்.

உரத்த ஒலியைத் தாங்குவதற்கு இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் குட்டித் தசை ஒன்று, ஒலி மிகும்போது சுருங்கி, எலும்பின் ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் அது சுருங்குவதற்கு நொடியில் சிறு பங்கு நேரமாவது வேண்டும். இடிமுழக்கம் போல வளர்ந்து வரும் ஓசைக்கு அது போதும், வெடிக்குப் போதாது. காவற்காரன் எழுந்து கதவடைப்பதற்குள் திருடன் வந்து போய்விடுகிறான். இன்னொரு செய்தியும் சொன்னார்கள். கோழிக்குஞ்சுக்கு இந்த மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன என்று 1988-இல் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை. நம் வீட்டுக் கொல்லையில் குப்பை கிளறும் கோழிக்கு உள்ள பாக்கியம் நமக்கு இல்லை என்று அன்று வீடு திரும்பும் வழியில் எண்ணிக்கொண்டேன்.

அப்படியானால் ஒடிந்த பயிர் எவ்வாறு ஓசை எழுப்பும்? இங்கேதான் விஷயம் சுவையானது. ஓசையை எழுப்புவது செவியன்று, மூளை. பழைய வால்வு ரேடியோவில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது நாம் என்ன செய்வோம்? குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுவோம். பாட்டு வராது, ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் பெருகும். ஒடிந்த அணுக்களின் பகுதியிலிருந்து செய்தி வராதது கண்டு மூளையும் அவ்வாறே குமிழைத் திருகுகிறது. தன் நரம்புகளுக்குள் எப்பொழுதும் உள்ள சலசலப்பைத் தானே பெரிதாக்கிக் கேட்கிறது என்பதே பெரும்பாலோர் கொள்கை. செவிப் பரிசோதனை வரைபடத்தில் என் வலச்செவிக் கோடு 4,000 ஹெர்ட்ஸ் என்னும் இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. பேரொலியால் கெட்ட செவிக்கு அதுவே முத்திரையாம். பியானோவின் கடைசிக் கட்டை அதற்குச் சற்று மேலே, 4,186 ஹெர்ட்ஸ். என் சில்வண்டும் ஏறக்குறைய அந்தச் சுருதியில்தான் கூவுகிறது.

இது புதிய நோயுமன்று. சுசுருதர் செவிநோய்களை எண்ணும்போது ‘கர்ணநாதம்’ என்று இதற்குப் பெயர் வைத்தார். தமிழ் வைத்தியர்கள் காதிரைச்சல் என்றார்கள். இசைமேதை பீதோவன் 1801-இல் தம் நண்பராகிய மருத்துவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் காதில் ரீங்காரமும் இரைச்சலும் ஓயவில்லை என்று வருந்தியிருக்கிறார். அவரே பொறுத்துக்கொண்டு எழுதினாரே என்று சிலர் எனக்கு ஆறுதல் கூறினர். பீதோவனுக்கு முன்பதிவுச் சன்னலில் உட்கார வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் பயணி, இப்பால் நான். நடுவில் மின்விசிறி, அறிவிப்பு ஒலிபெருக்கி, வரிசையில் நிற்போரின் வாக்குவாதம். 4,000 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் விழுந்தவனுக்கு உயிரெழுத்துகள் கேட்கும். மெய்யெழுத்துகளில் சில நழுவும். தாய்மொழியில் நழுவினதை ஊகித்து நிரப்பிக்கொள்ளலாம். பிழைக்க வந்த இடத்தில் கற்ற மலையாளத்தில் அவ்வாறு நிரப்புவது கடினம் என்பதை நம்மைப் போன்றவர்களே அறிவர். டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, அவசரமாய் வந்த முதியவர் ஒருவர் காயங்குளத்துக்குச் சீட்டுக் கேட்டார். எனக்கு ‘குளம்’ மட்டும் தெளிவாகக் கேட்டது. எறணாகுளத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கட்டண வேறுபாட்டைக் கண்டு திரும்பி வந்து, “சாரே, எந்தா செவி கேள்க்கில்லே?” என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்டது. நான் உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வயதில் செவிடன் என்று பெயரெடுத்தால் இன்னும் இருபத்தைந்து ஆண்டு உத்தியோகம் எவ்வாறு பார்ப்பது, ஊரில் வாங்கிய கடன், மகள் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னணியாகச் சில்வண்டு கூவியது. எண்ணம் கனக்கக் கனக்கக் கூவலும் பெருத்தது.

அந்தத் தொடர்பே இந்நோயின் மையம் என்று பிற்பாடு விளங்கிற்று. யாஸ்த்ரபோஃப் என்ற அறிஞர் 1990-இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். ஓசை மட்டும் துன்பம் செய்வதில்லை. மூளை அதை ஓர் அபாயச் சங்கு என்று முடிவு கட்டிவிட்டால், அஞ்சும் பகுதி விழித்துக்கொள்கிறது. அஞ்சுவதால் இன்னும் உற்றுக் கேட்கிறோம். உற்றுக் கேட்பதால் ஓசை வளர்கிறது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செய்த சோதனை இதற்கு முன்னரே வழி காட்டியது. நல்ல செவியுடைய 80 பேரை ஒலி புகாத அறையில் தனித்தனியே உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 100-க்கு 94 பேர் ரீங்காரம், இரைச்சல் என ஏதேனும் ஒன்று கேட்பதாகச் சொன்னார்கள்! ஆகவே, சிறிய அளவிலேனும் சில்வண்டு ஏறக்குறைய எல்லோர் செவியிலும் குடியிருக்கிறது. கிழக்கேகோட்டை போன்ற ஊரில் அதைக் கேட்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

இதை அறிந்தபோது, நான் செய்துகொண்டிருந்த பெரும் பிழையும் தெரிந்தது. அடிபட்ட செவியைக் காக்கிறேன் என்று எண்ணி, இரண்டு மாதமாகக் காலை முதல் இரவு வரை வலக்காதில் பஞ்சடைத்துக்கொண்டிருந்தேன். வெளியோசையை அடைத்தால் மூளை குமிழை மேலும் திருகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்குப் பஞ்சை எடுத்தபோது தட்டு விழும் ஓசைகூட ஈட்டிபோல் பாய்ந்தது. டாக்டர் பஞ்சை எடுத்தெறியச் சொன்னார். முதல் சில நாள் செவிக்கு ஓய்வு வேண்டும். அதன்பின் நாளாந்த ஓசைகளோடு பழக வேண்டும். வெடி, செண்டைமேளத்தின் அருகாமை, ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னிலை ஆகிய இடங்களில் மட்டும் காப்பு வேண்டும் என்றார். அந்தக் காப்பும் பஞ்சாக இருந்து பயனில்லை. சுருட்டிச் செருகினால் உள்ளே விரியும் நுரை அடைப்பான்கள் மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

கூவலை அழிக்கும் மாத்திரை என்று மெய்ப்பிக்கப்பட்டது எதுவும் இதுவரையில் இல்லை. ‘மூன்றே வாரத்தில் குணம்’ என்று விளம்பரம் செய்வோருக்குப் பணம் அனுப்ப எண்ணியவன் நான்; என் மனைவி பணப்பையை ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். செவித்திறன் குறைந்தவர்களுக்குக் கேட்பொறி அணிந்தாலே இரைச்சல் தணிவதுண்டு. மூளைக்கு வேண்டிய ஒலி வெளியிலிருந்து கிடைத்துவிடுவதே காரணம். அச்சத்தையும் உறக்கக் கேட்டையும் குறைப்பதற்கு, எண்ணப் போக்கை மாற்றப் பழக்கும் மனப்பயிற்சி சிகிச்சைக்கே இன்றைக்கு அதிகச் சான்று உண்டு. நம் நகரில் 1997-இல் தொடங்கி, இப்பொழுது ஆக்குளத்தில் இயங்கும் தேசியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இருப்பதை இங்கு நினைவூட்டலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை யாவரும் அறிவர். இரைச்சல் ஒரே காதில் நெடுநாள் நின்றாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்டாலும், தலைசுற்றலோடு வந்தாலும் தாமதிக்கலாகாது. அவற்றுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அழுக்கு அடைத்தாலும், ஆஸ்பிரின் மிகுதியாகச் சாப்பிட்டாலும், சில ஊசி மருந்துகளாலும் காது இரையும் என்பதால், உண்ணும் மருந்துகளையெல்லாம் மருத்துவரிடம் சொல்வது நலம்.

எனக்கு உதவியவற்றில் முதலிடம் இரவு ஏற்பாட்டுக்கு. முழு அமைதி இந்நோயாளிக்குப் பகை. இடவப்பாதி மழை ஓட்டின்மீது விழும் மாதங்களில் நான் அரசன் போல் உறங்குகிறேன். மழையில்லா நாளில் மின்விசிறியை வைத்துக்கொள்வேன். மார்கழிக் குளிரில் விசிறி ஆகாது என்று வீட்டார் முறையிட்டதால், கைப்பேசியில் மழையோசையைப் பதிவு செய்து, கூவலைவிடச் சற்றுத் தாழ்வாக ஓடவிடுகிறேன். கூவலை முழுதும் மூடிவிடக் கூடாது. இரண்டும் கலந்து கேட்க வேண்டும். அப்பொழுதுதான் மூளை அதனோடு பழகும். இந்த நுட்பம் தெரியாமல் தொடக்கத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்து, அடுத்த போர்ஷன் அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது உதவி, சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடமிருந்து வந்தது. இளமையில் பாத்திரம் தட்டும் பட்டறையில் வேலை செய்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “எனக்கு முப்பது வருசமா ரெண்டு காதிலயும் தம்புரா போட்டுக்கிட்டிருக்கு, தம்பி. நீங்க கேட்டதாலதான் இப்ப ஞாபகம் வந்துது” என்றார். மருந்துச் சீட்டுகள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. முப்பது ஆண்டு அதனோடு கடை நடத்தி, மூன்று பெண்களுக்குத் திருமணம் முடித்த மனிதர் என் முன்னே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

தம்புரா என்று அவர் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது. 2023 நவராத்திரியில், பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் கோட்டைக்கு எழுந்தருளியபின், ஒரு மாலை நவராத்திரி மண்டபத்துக்குச் சென்றேன். அங்கே கச்சேரி கேட்கிறவர்கள் கை தட்டுவதில்லை; அது மரபு. கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டி ஓசையைச் சீராக்கியிருக்கிறார்கள். விளக்கொளியில், சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனங்களுள் ஒன்றை நிதானமாகப் பாடினார்கள். அங்கே என் சில்வண்டு பெரிதாகக் கேட்கும் என்று அஞ்சியே சென்றேன். கேட்டது. ஆனால் தம்புராவுக்கு மேலே, சுருதி சேராத இன்னொரு தம்புராவாக, ஓரமாக நின்றது. பாட்டு நடக்கையில் ஏறக்குறைய அரைமணி நேரம் அது இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓராண்டில் அதுவே முதல் அரைமணி.

அலுவலகத்திலும் ஒரு வழி செய்துகொண்டேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, “காயங்குளந்தானே?” என்று உறுதி செய்தபிறகே விசையைத் தட்டுகிறேன். இடச்செவியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளும்படி நாற்காலியை மாற்றிப் போட்டேன். காது சற்று மந்தம் என்று உடன் வேலை செய்வோரிடம் நானே சொல்லிவிட்டேன். மறைத்த காலத்தில்தான் உடல் நொந்தது.

இனி, நான் சொல்லக் கூசும் பகுதி. வெடித்தபோது மகள் எனக்கு மூன்றடி பின்னால் நின்றாள். எனக்கு நேர்ந்ததில் மூழ்கியிருந்த வீடு அவளைக் கேட்கவே இல்லை. ஆறாம் நாள் டாக்டரிடம் துணைக்கு வந்தவள், நான் என் குறையைச் சொல்லும்போது, “எனக்கும் சில்வண்டு கத்துச்சுப்பா. ரெண்டு நாளில நின்னு போச்சு” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்களுக்குத்தானே பெருசா அடிபட்டுது” என்றாள். சோதித்ததில் அவள் செவி நன்றாயிருந்தது. ஆயினும், ஓசை நின்றதாலேயே ஒன்றும் நேரவில்லை என்று கொள்வதற்கில்லை. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளுக்குப் பேரொலி கேட்கச் செய்து சோதித்தார்கள். கேட்கும் திறன் பழையபடி மீண்டது; ஆனால் உள்ளே நரம்பு முனைகளில் பெரும்பங்கு நிலையாக அழிந்திருந்தது. எலிக்கு உள்ளது குழந்தைக்கும் அப்படியே பொருந்துமா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். தகப்பனுக்கு உறக்கம் கெட அதுவே போதுமானதாயிற்று.

அதன்பின் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்? வெடிக்குச் சட்டம் 1999-இல் வகுத்த எல்லை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல், அல்லது உச்ச அளவில் 145 டெசிபெல். உலகச் சுகாதார நிறுவனம் அதே 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இத்தகைய திடீர் ஒலிக்குச் சொன்ன உச்ச எல்லை பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபெல் குறையும். பாதியாகும்தோறும் 6 கூடும். நான் குனிந்த அரை மீட்டர் தூரத்தில் 145 என்பது 163 ஆகிறது. சரி, குழந்தைக்குரிய 120-க்கு எவ்வளவு விலகி நிற்க வேண்டும்? ஏறக்குறைய 70 மீட்டர். சட்டத்துக்கு உட்பட்ட ஒற்றை வெடிக்கே இத்தனை தூரம்! எங்கள் தெருவின் அகலம், இரு பக்கத்துத் திண்ணைகளையும் சேர்த்து, ஆறு மீட்டர். இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அடிப்பது வேறு. பேரொலி வெடி கோட்டைக்குள் எந்தத் தெருவிலும் கொளுத்துவதற்கு உரியதன்று என்பதே என் முடிவு. பண்டிகையைக் கெடுக்கிறேன் என்று சங்கத்து நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். கணக்கில் பிழையிருந்தால் காட்டட்டும்.

கேரளத்துக் கோயில்களின் கதினாவெடியும் நம் ஊர்த் திருவிழாக்களின் அதிர்வேட்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து வெடிப்பதைச் சிறுவயதில் நானும் மிக அருகில் நின்று பார்த்து மகிழ்ந்தவன்தான். நாம் கொல்லம் போகும் பாதையில் வர்க்கலையைத் தாண்டி வரும் பரவூர் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்பொழுது அந்த ஊரை வேறு கண்ணோடு பார்க்கிறேன். 2016 ஏப்ரல் 10 அன்று விடியலுக்கு முன், அங்குள்ள புற்றிங்கல் தேவி கோயிலில் போட்டி வாணவேடிக்கையின்போது வெடிகள் சேமித்த கட்டடம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். கட்டட ஓசை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. இரண்டு நாளில் கேரள உயர்நீதிமன்றம், சூரிய அஸ்தமனம் முதல் உதயம் வரை ஒலியெழுப்பும் வெடிகளுக்குத் தடை விதித்தது. அந்த வாரத்திலேயே திருச்சூர்ப் பூரத்துக்கு நிபந்தனைகளோடு விலக்கும் அளித்தது. மாண்டவர்களின் எண்ணிக்கை ஏட்டில் ஏறுகிறது. அத்தகைய வெடிப்பில் தப்பியவர் செவிக்குள் எத்தனை ஆண்டு என்ன கூவும் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எலும்பு முறிவைப் போல வெளியே தெரியாத காயம் அது.

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் மட்டும் வாங்கினோம். தெருக்கோடியில் யாரோ சரவெடி வைத்தபோது, மகள் சட்டைப் பையிலிருந்த நுரை அடைப்பான்களை எடுத்து முதலில் என்னிடம் ஒன்றை நீட்டினாள். வெடி ஓய்ந்து, வாசலைப் பெருக்கிவிட்டு, புகை அடங்கக் காத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

“அப்பா, இப்பவும் அது கத்துதா?” என்று கேட்டாள்.

உற்றுக் கேட்டேன்.

“கத்துதும்மா. நீ கேட்டபிறகுதான்.”